68 யூனிட்காரன்

கர்நாடகத்தில் கரண்ட்டை மிச்சம் பிடித்து ஏமாந்தவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினால், பங்காருபேட்டைக் கிளைச் செயலாளர் பதவியை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். எல்லாத் தகுதியும் இருக்கிறது. அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்றும் சாட்சிக்கு இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2023-இல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். குடியாத்தத்தில் இருக்கிற என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்தாண்ணா, உங்களுக்கு மாசத்துக்கே 200-ஆ?" என்று வயிறெரிந்தாள். எரிய வேண்டியதே இல்லை. 200 என்பது மேல் வரம்பு. எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதற்குத் திட்டம் தொடங்கியபோது தனிக் கணக்கு வைத்தார்கள்: 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அந்த வீட்டில் மாதம் சராசரியாக எத்தனை யூனிட் ஓடியதோ அது, அதற்கு மேல் 10 விழுக்காடு. அவ்வளவுதான் ஓசி. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்குக் காசு. 200-ஐயே தாண்டிவிட்டால் முழு பில்லும் நம் தலையில்.

அந்த 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை நான் சிக்கனமாக இருந்தேன். என் ஆயுளில் வேறு எந்த வருடமும் அப்படி இருந்ததில்லை.

எப்படி இருந்திருக்க முடியும்? 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். பெங்களூரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, ரயிலுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கேஜிஎஃப்பிலிருந்து பங்காருபேட்டைக்கு வீடு மாறினேன். இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிறவனுக்கு மீட்டர் பெட்டி வாசலில் இருக்கிறதா கொல்லையில் இருக்கிறதா என்பதே தெரியாது. 2022-இல் ரிட்டையர் ஆனேன். பகலில் முதல் தடவையாக என் வீட்டைப் பார்த்தேன். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுகிறது. அம்மா தூங்குகிறாள், டிவியில் சாமியார் பேசிக்கொண்டே இருக்கிறார். வேலையில்லாதவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

எங்கள் மீட்டரின் முகத்தில் பொடி எழுத்தில் 3200 என்று போட்டிருக்கும். அதில் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கு 3200 தடவை கண் சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகிற செலவு அது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, விளக்கு, ஃபேன், டிவி எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். நியாயமாக அந்த விளக்கு சிமிட்டக் கூடாது. சிமிட்டியது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் சிமிட்டியது. நிமிடத்துக்கு இரண்டு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 37 வாட், இராப்பகலாக ஓடினால் மாதம் 27 யூனிட். தெருவில் போன பால்காரர், "என்ன சார், மீட்டர் எதாவது சொல்லுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்று முடிவு செய்தேன். செட்டாப் பாக்ஸ் மேல் சந்தேகம். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் அது உள்ளுக்குள் விழித்துக்கொண்டுதான் இருக்கும். இராத்திரி அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்தேன். காலையில் அது சோம்பல் முறித்து எழுந்து சேனலைக் கொடுப்பதற்குள் அம்மாவின் சுப்ரபாதம் முடிந்துவிட்டது. "பெருமாளை எழுப்பறதுக்கும் கணக்கா உனக்கு?" என்றாள். அடுத்து ஃபிரிட்ஜ். இராத்திரியில் யாரும் திறப்பதில்லையே, எதற்கு ஓட வேண்டும் என்பது என் வாதம். காலையில் சூடேறிப் போன பெட்டியை மறுபடி குளிர வைக்க அது மூச்சுவாங்க ஓடி, இராத்திரி மிச்சமானதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. அது பரவாயில்லை. நாலு நாளைக்கு என்று அரைத்து வைத்திருந்த இட்லி மாவு பொங்கிப் புளித்து, டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டில் வழிந்திருந்தது. வீட்டுக்காரி அதை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பேசவில்லை. கால் யூனிட்டோ அரை யூனிட்டோ, அதற்காக ஒரு படி மாவு.

மோட்டார் கதை இதைவிடக் கேவலம். கோலார் மாவட்டத்தில் தண்ணீர் என்பது ஆயிரம் அடிக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம். தொட்டியில் விழுந்த தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிற மோட்டார் எத்தனை சிமிட்டுக்கு ஓடுகிறது என்று பார்க்க மீட்டர் முன்னால் நின்றேன். சிமிட்டலை எண்ணுகிற தியானத்தில் மாடியில் டேங்க் நிரம்பி, சுவரோரம் வழிந்து, தெருவில் ஓடியது. எங்கள் தெருவில் குடத்தைச் சிந்தினாலே நாலு பேர் கேட்பார்கள். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் கேட்டார்கள், அதில் இரண்டு பேர் கன்னடத்தில்.

திருடனை நான் பிடிக்கவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த எலக்ட்ரீஷியன் பையன், பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, "இது செத்துப்போச்சு சார். சார்ஜே நிக்காது, சும்மா குடிச்சிக்கிட்டே இருக்கும்" என்றான். பிடிக்க அவனுக்கு ஆன நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம். இத்தனைக்கும் அந்த இன்வெர்ட்டர், கரண்ட் போனால் என் கிரிக்கெட் நின்றுவிடக் கூடாது என்று நானே வாங்கியது.

பேட்டரியை மாற்றினேன். 75 வாட் ஃபேன்களைக் கழற்றிவிட்டு, முப்பது வாட் அளவில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். ஒரு ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் பதின்மூன்று யூனிட்டுக்கு மேல் மிச்சம்; போட்ட காசு மூன்று, நாலு வருடத்தில் திரும்பிவிடும் என்று நோட்டில் எழுதி அடியில் கோடும் போட்டேன். பில் நிஜமாகவே இறங்கியது. இறங்கிய மாதமெல்லாம் குடும்பத்தை பானிபூரிக்குக் கூட்டிப்போனேன். பங்காருபேட்டை பானிபூரி தெரியும்தானே? பச்சை நிறமெல்லாம் கிடையாது, பார்த்தால் பச்சைத்தண்ணீர், வாயில் போட்டால் கண்ணில் நீர் வரும். நாலு பேர் சாப்பிட்டுவிட்டு வந்தால் மிச்சம் பிடித்த காசு போய் அதற்கு மேலும் கொஞ்சம் போயிருக்கும். அந்தச் செலவை நோட்டில் எழுதவில்லை.

பேரன் வந்தபோது அவனுக்கும் பாடம் எடுத்தேன். சிவசமுத்திரத்தில் காவிரியை மறித்து எடுத்த கரண்ட், 1902-இல் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக நேராக நம்ம கோலார் சுரங்கத்துக்குத்தான் வந்தது; பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5-இல்தான் என்று பெருமையாகச் சொன்னேன். (கிருஹ ஜோதியைக் கலபுரகியில் தொடங்கி வைத்ததும் ஓர் ஆகஸ்ட் 5-தான்.) பையன் கேட்டான்: "அப்ப நம்ம ஊர்ல எல்லாரும் கரண்ட்டைச் சேமிச்சாங்களா தாத்தா?" எங்கே சேமித்தார்கள்? சுரங்கத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. கோடையில் ஆறு வற்றினால் சிவசமுத்திரத்தில் உற்பத்தி குறையும், சுரங்கம் தவிக்கும். கண்ணம்பாடி அணை எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கர்நாடகமும் தமிழ்நாடும் இன்றைக்கு வரை அடித்துக்கொள்கிற அணைக்குப் பின்னால் எங்கள் ஊரின் கரண்ட் பசியும் இருக்கிறது. ஆக, கொடுப்பதையெல்லாம் தின்பதுதான் இந்த மண்ணின் மரபு. அந்த மரபை ஒழுங்காகக் காப்பாற்றியவர் எதிர்வீட்டு அக்கா. அவர் வீட்டில் மீட்டர் விளக்கு சிமிட்டாது, துடிக்கும். கீசர், ஆளுக்கொரு டிவி, நடுராத்திரியில் வாஷிங் மெஷின். அவருக்கும் நான் புத்தி சொல்லியிருக்கிறேன். "ஆகட்டும்ணா" என்று சிரிப்பார்.

2023 ஜூனில் சேவா சிந்து என்கிற அரசு இணையதளத்தில் திட்டத்துக்குப் பதிவு தொடங்கியது. சர்வர் நின்று நின்று வேலை செய்த ஒரு மத்தியானம் ஆதாரும் பில்லுமாக நானும் அக்காவும் ஒரே வரிசையில் நின்றோம். என் ஒரு வருடச் சராசரி 62. பத்து விழுக்காடு சேர்த்தால் 68. அக்காவின் சராசரி 180. அவருக்கு 198. கம்ப்யூட்டரில் இருந்த பையனிடம், "தம்பி, நான் முன்னாடியெல்லாம் நூத்திப்பத்து ஓட்டினவன்பா" என்றேன். கெஞ்சுகிற குரலில்தான் சொல்லியிருப்பேன். அவன் கன்னடத்தில், ஆகோதில்ல சார், சிஸ்டம் எடுக்கறதுதான் என்றான்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரி கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஏங்க, அந்தப் பழைய பேட்டரி இருந்திருந்தா எவ்ளோ வந்திருக்கும்?" என்று கேட்டாள். நான் அதை ஏற்கெனவே நோட்டில் போட்டுப் பார்த்திருந்தேன். பேட்டரியோடு 97. பழைய ஃபேன்களும் இருந்திருந்தால் நூற்றைத் தாண்டியிருக்கும். ஃபேனுக்குப் போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்று எழுதிய பக்கத்தை மட்டும் அவளிடம் காட்டவில்லை. ஜீரோ பில்லில் எதைக் கழித்து எதைத் திரும்ப எடுப்பது?

அந்த டிசம்பரில், ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, அக்கா படபடப்பாக வந்தார். ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து தங்கியதில் மீட்டர் 186 காட்டுகிறதாம். "நீங்கதாண்ணா இதுல எக்ஸ்பர்ட். வந்து பாருங்களேன்." என்னை அந்தப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. நோட்டும் கடிகாரமுமாகப் போனேன். பதினைந்து லிட்டர் கீசர் ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் முக்கால் யூனிட் என்று விளக்கி அதை அணைத்தேன். வெந்நீர் அடுப்பில். வாஷிங் மெஷினுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் லீவு. சம்பந்தியம்மாள் என்னை மின்வாரியத்து ஆள் என்று நினைத்து மரியாதையாகக் காபி கொடுத்தார்.

ரீடிங் எடுக்கிற பையன் வந்தான். அக்கா வீட்டில் 195, ஜீரோ பில். தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தான். மெஷினிலிருந்து காகிதம் நீளமாக வந்தது. 74. ஆறு யூனிட்டுக்குக் காசு கட்டச் சொன்னது. அக்கா வீட்டு வேலையாக அலைந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுக் கீசரை யார் அணைத்தது?