முதல் பக்கத்தில் ஓர் இடம்

கொக்குவில் சந்தியில் கடை பிடிப்பதைவிட, கூகிளின் முதல் பக்கத்தில் இடம் பிடிப்பது இப்போது பெரிய காரியம். காங்கேசன்துறை வீதியில் கடை திறந்தால் போகிற வருகிற சனம் பார்க்கும். இணையத்தில் திறந்தாலோ, முதலில் தேடி வருபவர் வாடிக்கையாளர் அல்லர். “ஒரு மாதத்தில் முதலிடம், உத்தரவாதம்!” என்று சொல்கிறவர்.

அப்படியோர் உத்தரவாதத்தை எவராலும் தர முடியாது என்று கூகிளே எழுதி வைத்திருக்கிறது. முற்பணம் கொடுத்த பிறகு அதை ஆர் வாசிப்பது?

வித்தைகளும் பழையவை. “கொக்குவில் கலியாண மண்டபம், மலிவு மண்டபம் கொக்குவில், மண்டபம் மண்டபம்” என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒளித்து வைப்பார்கள். மணமகன் வீட்டார் கண்ணுக்குப் படாது, இயந்திரம் படித்துவிடும். படித்துவிட்டுத் தண்டிக்கவும் செய்யும். ஆளுக்கு ஒரு பக்கம், இயந்திரத்துக்கு வேறு பக்கம் காட்டியதற்காக 2006இல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகிள் தூக்கி வெளியே போட்டது. 2011இல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற கடைத்தொடர், சம்பந்தமில்லாத தளங்களில் குவிந்திருந்த இணைப்புகளால் முன்னுக்கு வந்து, பிடிபட்டுப் பின்னுக்குப் போனது.

1998இல் கூகிளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும், ஒரு தளம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பை நற்சான்றாக எண்ணினார்கள். நற்சான்றும் விலைக்கு வரும் என்பதை எங்கள் ஊரில் ஆரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

வித்தை இல்லாத வழியும் உண்டு. திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம், வரைபடத்தில் சரியான இடம் ஆகியவற்றைக் கூகிளில் பதியக் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டு என்றால் அதையும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.