ஒத்துக்காது மாமா

வில்லியனூர், பாகூர் பக்கம் தெருவுக்கு ஒரு மாமா இப்படி இருப்பார். பார்த்த மரியாதைக்கு "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்டுவிடக் கூடாது. "இருக்கம்ப்பா, கத்திரிக்காதான் ஒத்துக்கல" என்று ஆரம்பித்தால், நாம் ஏற வேண்டிய பஸ் போய்விடும்.

முன்பெல்லாம் புளியையும் கருவாட்டையும் தள்ளச் சொல்லி நாட்டு வைத்தியர் பத்தியம் வைத்தார், மாமா மதிக்கவில்லை. இப்போது மருமகப்பிள்ளை போனில் "எலிமினேஷன் டயட்" என்றதும் மதித்துவிட்டார். அமெரிக்க டாக்டர் ஆல்பர்ட் ரோ 1920களிலேயே எழுதிவைத்த முறை அது. சந்தேகப்படும் உணவை இரண்டு முதல் நான்கு வாரம் அறவே நிறுத்த வேண்டும். தொந்தரவு அடங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, மூன்று நாள் பொறுத்து, நோட்டில் குறிக்க வேண்டும்.

நோட்டு மட்டும் உடனே வந்துவிட்டது. முதல் பக்கத்தில் முதல் வரி, மாமியார் வீட்டிலிருந்து வரும் நெத்திலிக் கருவாடு. அடுத்து தயிர். அடுத்து கோதுமை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்று டப்பாவைத் திருப்பிப் படித்துக் கண்டுபிடித்தவர், அன்றைய சாம்பாரைத் தொடவில்லை. அவர் படித்தது சரிதான். ஆனால் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கோதுமை?"

"இது மைதாப்பா."

"பாலு?"

"டீயில இன்னா பெரிய பாலு!"

அப்படி நாளைக்கு நாலு டீ. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும். அவர்களுக்குப் பால் குடித்தால் உப்புசம் வருவது அதனால்தான். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு புளிக்கும்போதே தீர்ந்துவிடுவதால் பால் ஒத்துக்காத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும். மாமா தயிரைத் தள்ளிவைத்துவிட்டு டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நிரபராதிக்கு ஜெயில், சந்தேகக் கேஸுக்கு ஜாமீன்.

அத்தை பாடுதான் பாடு. "ஏங்க, இன்னைக்கு இன்னா சமைக்கறது?" என்றால், "நோட்டப் பாரு" என்பார். நோட்டில் ஒத்துக்காதது மட்டும்தான் இருக்கும். "எங்கம்மா ஊட்லேந்து வர்றதுதான் உங்க வயித்துக் கண்ணுக்குத் தெரியுது" என்று அத்தை ஒருநாள் சொன்னது தெருவுக்கே கேட்டது.

நடுவில் பாகூரில் ஒரு கல்யாணம் வந்தது. வடை, பாயசம், அப்பளம், மோர் எல்லாம் ஒரே இலையில். மறுநாள் வயிறு உப்பியது. இலையில் இருந்த அத்தனையையும் விட்டுவிட்டு மாமா தீர்ப்பெழுதினார்: அப்பளம் ஒத்துக்காது.

மாமா கதை இருக்கட்டும். சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வீட்டில் நோட்டு போட்டுச் சோதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இளைத்தவர்களும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். வெறும் உப்புசம்தான் என்பவர்கள் இந்த முறையைத் தாராளமாகச் செய்து பாருங்கள். ஒன்றே ஒன்று: எதை விட மனசு வரவில்லையோ, அதை முதல் வரியில் எழுதுங்கள்.