வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆட்டம் பார்த்தல்: அன்ரனா, டிஸ், டேற்றா குறித்த ஓர் ஒப்பீட்டாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வன்னியில் ஆட்டம் பார்க்க விரும்பும் குடும்பமொன்றின் முன் இன்று நான்கு வழிகள் உள்ளன: கூரைக்கு மேல் அன்ரனா, முற்றத்தில் டிஸ், போனில் டேற்றா, பக்கத்து வீடு. முதல் மூன்றையும் பற்றி விளம்பரங்கள் ஓயாமல் பேசுகின்றன. நான்காவதைப் பற்றி எந்த நிறுவனமும் இதுவரை வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுப் பரப்பு

வன்னி எது என்பதிலேயே அறிஞர் உடன்பாடு இல்லை. தேர்தல் வரைபடம் மன்னாரை வன்னிக்குள் இழுத்து, கிளிநொச்சியை யாழ்ப்பாணத்தோடு ஒட்டிவிடுகிறது. ஆட்டம் பார்ப்போர் இந்த எல்லையை ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சிக்னல் விழும் இடங்களும், விழாத இடங்களில் சிக்னல் தேடி ஏறப்படும் குளக்கட்டுகளும் இவ்வாய்வுக்குள் அடங்கும்.

‘ஆட்டம்’ என்பதற்கும் வரையறை தேவை. 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு கரப்பந்து. வன்னிப் பெடியள் பின்னேரங்களில் ஆடுவதும் கரப்பந்தும் உதைபந்துமே. ஆனால் அவர்கள் பார்ப்பது கிறிக்கெட். ஆடுவது ஒன்று, பார்ப்பது வேறொன்று என்ற இந்தப் பிளவு சமூகவியலாளருக்கு உரியது. நாம் பார்ப்பதோடு நிற்போம்.

வரலாற்றுப் பின்னணி

ரூபவாகினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. வன்னிக்கு அதைக் கொண்டுவந்த கொக்காவில் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. அதன்பின் மின்சாரமும் இல்லை, எரிபொருளும் அருமை, பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் எடுத்து இலங்கைக்கு உலகக் கிண்ணத்தை வென்றுகொடுத்த காலத்தில், இங்கே ஆட்டம் ‘பார்த்தல்’ என்பது காதால் செய்யப்பட்ட ஒரு செயல்.

அக்காலப் பக்கேஜின் உள்ளடக்கம் வருமாறு: கவிழ்த்து நிறுத்திய சைக்கிள் ஒன்று, அதில் டைனமோ ஒன்று, டைனமோவில் தொடுத்த றேடியோ ஒன்று, பெடலைக் கையால் சுற்ற ஒரு ஆள். சுற்றுபவர் களைத்தால் வர்ணனையாளரின் குரல் இறங்கும். சிக்ஸர் அடிக்கப்பட்டால் சுற்றுபவர் உணர்ச்சிவசப்பட்டு வேகமாகச் சுற்றுவார்; குரல் ஏறும். இன்று போன் திரையில் வட்டம் சுழலும்போது நாம் பல்லைக் கடிக்கிறோமே, அந்த வட்டத்தின் மூதாதை இந்தப் பெடல்தான். ஒரு வேறுபாடு உண்டு. அன்று வட்டம் நின்றால் ஆளை மாற்றலாம்.

போர் முடிந்த பின் 2011 ஜூன் 6 அன்று கொக்காவிலில் 174 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. அதன்பின் டிஸ், அதன்பின் போன், 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் செய்மதி இணையம். இருபது ஆண்டு பற்றாக்குறைக்கு ஈடாகத் தெரிவுகள் ஒரேயடியாக வந்து குவிந்தன. தெரிவு கூடிய இடத்தில் ஆய்வு பிறக்கும்.

முறையியல்

பங்குபற்றி அவதானித்தல் என்ற முறை பின்பற்றப்பட்டது. கதிரை கிடைத்தவர்கள் தகவலாளிகளாகவும், நின்றுகொண்டு பார்த்தவர்கள் விமர்சகர்களாகவும் வகைப்படுத்தப்பட்டனர். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவர்கள் எந்த வகைக்குள்ளும் அடங்க மறுத்து, ஆய்வாளரைப் பார்த்து, “உமக்கு வேற வேலையில்லையோ?” என்று வினவினர். இவ்வினா எதிர்கால ஆய்வுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது.

கண்டறிதல் 1: மழை விதி

டிஸ் பிடிக்கும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு. பெருமழை அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். வன்னிக்குப் பெரும்பாலான மழை கிடைப்பது ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை. அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் கோடைகால ஆட்டங்கள் சூடுபிடிப்பதும் அதே மாதங்களில்தான்.

இங்கே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உள்ளது. ஆடும் இடத்தில் மழை பெய்தால் டக்வேர்த்-லூயிஸ்-ஸ்ரேர்ண் முறை இருக்கிறது. பார்க்கும் இடத்தில் மழை பெய்தால் ஒரு முறையும் இல்லை. மாங்குளத்தில் இருப்பவர் எட்டு ஓவரை இழந்தால், அந்த எட்டு ஓவரில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று கணித்துச் சொல்லும் கடமை யாருக்கு? நடைமுறையில் அதைச் செய்பவர் அன்ரனா வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய கணிப்பில் இலங்கை அணி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே விளையாடியிருக்கும்.

கண்டறிதல் 2: தாமத விதி

இது இவ்வாய்வின் முதுகெலும்பு. செய்மதி நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஒளிவேகத்தில் போய் வர ஏறத்தாழ கால் செக்கன் போதும். குறியாக்கத்துக்கு இன்னும் சில செக்கன். போனில் வரும் நேரலை அப்படியல்ல. படம் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, சேவையகத்தில் தங்கி, பின் போன் தன் பங்குக்குச் சில துண்டுகளைச் சேமித்து வைத்துக்கொண்டே காட்டத் தொடங்கும். இதனால் அரை நிமிடம் வரை பிந்துவது சர்வசாதாரணம். ரி20 ஆட்டத்தில் ஓவருக்கு நாலு நிமிடம் என்று வைத்தால் ஒரு பந்துக்கு நாற்பது செக்கன். ஆக, டேற்றாவில் பார்ப்பவர் ஊரைவிட ஏறத்தாழ ஒரு பந்து பின்னால் வாழ்கிறார்.

ஒலியோ ஒரு செக்கனில் 340 மீற்றர் போகும். வன்னி ஒழுங்கையொன்றின் மறுமுனையை எட்ட அதற்கு ஒரு செக்கன் தாராளம். அன்ரனா வீட்டில் “ஐயோ!” என்ற சத்தம் எழும்பும்போது, டேற்றா வீட்டுத் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் காற்சட்டையில் பந்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பார்ப்பவருக்கு விக்கெட் விழப்போவது தெரியும், ஆடுபவருக்குத் தெரியாது. கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் பார்வையாளருக்கு வாய்த்த இந்த மேல்நிலை, மாதச் சந்தா கட்டியவருக்கு வாய்ப்பது ஏன் மகிழ்ச்சி தரவில்லை என்பது அழகியலாளர் விளக்க வேண்டியது.

தகவலாளி ஒருவர் இதற்குத் தீர்வாகக் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார். மூன்றாவது ஓவரில் பக்கத்து வீட்டுப் பெடியன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “அண்ணை, ஆள் அவுட்!” என்று கையாலும் காட்டினான். தொழில்நுட்பம் தோற்ற இடம் இது.

கண்டறிதல் 3: இரவு டேற்றா விதி

நமது இணைய நிறுவனங்கள் டேற்றாவைப் பகல், இரவு என்று பிரித்து விற்கின்றன. நள்ளிரவு தொடங்கி விடியும்வரை கிடைப்பது தாராளம். ஆகவே மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் நடந்த 2024 ரி20 உலகக் கிண்ணம் வன்னியின் பொற்காலமாக அமையும் என்று கருதுகோள் அமைக்கப்பட்டது.

நடந்தது வேறு. இலங்கை 77 ஓட்டங்களுக்குச் சுருண்ட தென்னாபிரிக்க ஆட்டம் இங்கே இரவு எட்டு மணிக்கு, அதாவது பகல் கணக்கில் வரும் காசு டேற்றாவில், தொடங்கியது. நேபாளத்துடனான ஆட்டம் அதிகாலை ஐந்து மணிக்கு, இரவு டேற்றாவுக்குள் ஒரு பங்கேனும் அடங்குமாறு அமைந்திருந்தது. புளோரிடாவில் மழை. ஒரு பந்தும் வீசப்படவில்லை. இலவச டேற்றாவுக்கும் உலக வானிலைக்கும் இடையே காரண காரிய உறவு இருப்பதாக இவ்வாய்வு அடித்துச் சொல்லாது. ஆனால் மறுக்கவும் மாட்டாது.

காசு டேற்றாவுக்கும் தன் சோகம் உண்டு. யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 மே 8 அன்று ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அணிக்காக ஐபிஎல்லில் முதன்முதலாகப் பந்துவீசினார். வடக்கே நம்ம பிள்ளையைப் பார்க்க ரீலோட் போடாதவர் குறைவு. அவருடைய அணி இலக்கை 9.4 ஓவரில் எட்டிவிட்டது. நாற்பது ஓவருக்கென்று போட்ட டேற்றாவில் பத்து ஓவருக்கு மேல் மிச்சம். மிச்சத்தைத் திருப்பித் தரும் வழக்கம் எந்த வலையமைப்பிலும் இல்லை.

கண்டறிதல் 4: குரங்கு விதி

மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படை கரண்ட். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அப்போது பெரியவர் ஒருவர் சைக்கிளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததை ஆய்வாளர் கண்டார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கியது. அன்றுதான் காலி ரெஸ்ற் ஆட்டத்தில் அவுஸ்திரேலியா ஒன்பது விக்கெட்டால் வென்றது. அதே நாள் இந்தியாவின் கட்டாக்கில் இந்தியா–இங்கிலாந்து ஆட்டம் மின்விளக்குக் கோபுரம் அணைந்ததால் தடைப்பட்டது. அன்று குரங்கு எதுவும் கட்டாக்கில் பிடிபடவில்லை. அடுத்த மாதம் 15ஆம் திகதி அரசாங்கம் நாடெங்கும் ஐந்து நிமிடத்தில் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னது. மரத்துக் குரங்கும் டிஸ்ஸைத் திருப்பிவைத்த குரங்கும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டதால், அந்தத் தரவு நமது ஆய்வுக்குப் பயன்படவில்லை.

ஒப்பீடு: ஹொக்கி வழியாக ஒரு சுற்று

பக்கேஜ் சிக்கல் வன்னிக்கு மட்டும் உரியதல்ல என்று நிறுவ, கிளிநொச்சியிலிருந்து ஸ்காபரோவுக்குப் போன சித்தப்பா ஒருவர் ஆராயப்பட்டார். அவர் இப்போது பனி ஹொக்கி பார்ப்பவர். ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் பக்தர். கனடாவில் அந்த ஆட்டங்களின் தேசிய ஒளிபரப்பு உரிமையை றொஜர்ஸ் நிறுவனம் 2013இல் 12 ஆண்டுகளுக்கு 520 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. 2025இல் இன்னொரு 12 ஆண்டுக்கு 1,100 கோடிக்குப் புதுப்பித்தது. இருந்தும் 2024இல் திங்கட்கிழமை ஆட்டம் அமேசனுக்குப் போனது, சில ஆட்டம் வேறொரு அலைவரிசைக்கு. 1967க்குப் பின் ஸ்ரான்லி கிண்ணத்தைத் தொட்டுப் பாராத அணியொன்றைப் பார்க்கச் சித்தப்பா பல இடத்தில் சந்தா கட்டுகிறார். எல்லாப் பக்கேஜும் உள்ள அவர் நிலவறையில் தனியே இருந்து பார்க்கிறார். இலங்கை ஆடும் நாட்களில் வட்ஸ்அப்பில் கிளிநொச்சியைக் கூப்பிடுகிறார். போனை ரிவிப் பக்கம் திருப்பினால், “அது என்னட்டயும் போகுது. சனத்தின்ர பக்கம் திருப்பு” என்கிறார்.

புல்தரை ஹொக்கிக்கு வருவோம். 24 அணிகள் ஆடிய ஜூனியர் உலகக் கிண்ணம் 2025 நவம்பர் 28 முதல் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அந்நாட்களில் வன்னி டிட்வா புயல் வெள்ளத்தில் கிடந்ததால் ஆட்டத்தைத் தேடும் நிலையில் யாரும் இல்லை. ஆனால் புவியியல் பதிவுசெய்யப்பட வேண்டும்: வானில் நேர்கோடு போட்டால் கிளிநொச்சிக்குக் கொழும்பைவிட மதுரை கிட்ட. எனினும் இந்தியச் செயலியைத் திறந்தால், உங்கள் நாட்டில் இந்தச் சேவை இல்லை என்கிறது. இதைச் சுற்றிப் போகும் விபிஎன் வித்தையை நாட்டு மக்களுக்குப் பரப்பிய பெருமை அரசாங்கத்தையே சாரும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை முடக்கி, ஒரே வாரத்தில் ஊரையே பயிற்றுவித்தது.

மறுப்பும் விடையும்

‘காசுள்ளவன் எல்லாவற்றையும் வாங்கலாமே’ என்பர். வாங்கலாம். ஆனால் இரவு ஏழு முதல் ஒன்பதரை வரை ரிமோட் அம்மம்மாவின் கையில். தொடர் நாடகத்தில் மருமகள் வீட்டைவிட்டு வெளியேறும் கட்டமும் கடைசி ஓவரும் ஒரே நேரத்தில் வரும். எந்தப் பக்கேஜும் இதற்குத் தீர்வு தரவில்லை.

அடிப்படைப் பிழை எங்கே என்பது இப்போது தெளிவு. பக்கேஜ்கள் ஒரு திரைக்கும் ஒரு ஆளுக்கும் அளவெடுத்துத் தைக்கப்படுகின்றன. ஆட்டம் பார்த்தலோ ஒருவர் பார்க்க, ஒருவர் கத்த, ஒருவர் அணித்தலைவரை ஏச, ஒருவர் தேத்தண்ணி ஊற்ற, ஒருவர் ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று சொல்ல, கூடிச் செய்யும் தொழில். அதில் ஒரு ஆள் குறைந்தாலும் எவ்வளவு துல்லியமான படமும் கறுப்பு வெள்ளைதான்.

விதந்துரைகள்

1. ஒரு ஒழுங்கையில் எல்லா வீடும் ஒரே பக்கேஜை எடுக்கக் கூடாது. ஒரு வீடு அன்ரனா, ஒரு வீடு டிஸ், ஒரு வீடு டேற்றா. மழையில் ஒன்றும், குரங்கில் ஒன்றும், ரீலோட் முடிந்தால் ஒன்றும் போனாலும் ஆட்டம் நிற்காது.

2. அன்ரனா வீட்டார் விக்கெட் விழுந்தபின் நாற்பது செக்கன் வாய்மூடி இருக்க வேண்டும். இதைக் கண்காணிக்கக் கிராம மட்டக் குழு அமைக்கப்பட வேண்டும்.

3. பாத்திரங்களுக்கு ஒருநாளும் நன்மை நடக்காத தொடர் நாடகங்களை, ஆட்டமுள்ள நாட்களில் மட்டும், முற்பகலுக்கு மாற்றும்படி தமிழ்நாட்டு அலைவரிசைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

4. டைனமோக்கள் எறியப்படாமல் வைக்கப்பட வேண்டும்.

இவ்விதந்துரைகளை ஆராய ஒழுங்கைவாசிகளின் கூட்டம் கூட்டப்பட்டது. யார் டிஸ்ஸுக்குக் காசு கட்டுவது என்பதில் உடன்பாடு எட்டப்படவில்லை. யாருடைய வீட்டில் கூடிப் பார்ப்பது என்பதில் மட்டும் ஏகமனதான தீர்மானம்: நல்ல பலாப்பழம் உள்ள வீடு. அந்த வீட்டில் ரிவி இல்லை என்பதைச் செயலாளர் சுட்டிக்காட்டியபோது, அது அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் தீர்ப்பளித்தார்.