ஆள் ஒன்று, கோப்பு இரண்டு

கேள்வி: குடிப்பழக்கம், மனச்சோர்வு இரண்டுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் மேலதிகாரி இங்கே யார்?
– வாசகர், ஸ்ட்ரெதம், லண்டன்

பதில்: அப்படி ஒருவர் இல்லை, அதுதான் வேதனை. இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் குடி, போதை மீட்புச் சேவை உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு; உங்களுக்குப் பெரும்பாலும் லாம்பெத். மனநலமோ என்.எச்.எஸ். கையில், உங்கள் பக்கம் மாட்ஸ்லி அறக்கட்டளை. "முதலில் குடியை விடு" என்று இவர்களும், "முதலில் மனசைத் தேற்று" என்று அவர்களும் சொன்னால் அந்த மனுஷன் பேருந்து நிறுத்தத்தில்தான் குடியிருக்க வேண்டும்! எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அழைக்க வேண்டும் என்று 2017-லேயே அரசு வழிகாட்டுதல் வந்தாயிற்று. குடிக்கிறார் என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள், அதை எடுத்துக் காட்டுங்கள். மன நெருக்கடி முற்றினால் 111-ஐ அழைத்து, 2-ஐ அழுத்துங்கள், இரவானாலும் எடுப்பார்கள்.