கதை என்னங்க?

சம்பந்தியிடம் கோபப்பட முடியாது. அதுவும் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "இவருக்கு இன்னொரு வடை போடுப்பா" என்று நமக்காகக் குரல் கொடுக்கிறவரிடம் முடியவே முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை விழுங்கிய கோபம் இன்னும் செரிக்கவில்லை. வடை செரித்துவிட்டது.

பேச்சு லண்டன் பக்கம் போயிற்று. நானும் சும்மா இருக்காமல், சில வருஷங்களுக்கு முன் ட்ரூரி லேன் தியேட்டரில் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' என்ற டாப் டான்ஸ் நாடகம் பார்த்ததை ஆரம்பித்தேன். மேடை கொள்ளாத கூட்டம், அத்தனை பேர் காலிலும் தகடு அடித்த ஷூ, அத்தனையும் ஒரே தாளத்தில் தரையில் விழுகிறது என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"கதை என்னங்க?"

"அலன்டவுன்னு ஒரு ஊர். அங்கேர்ந்து ஒரு பொண்ணு டான்ஸ் ஆட நியூயார்க் வர்றா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அப்பா என்ன பண்றார்?"

"அதெல்லாம் சொல்லலீங்க. 1933, எல்லாருக்கும் பணக்கஷ்டம். நாடகத்துக்கு ஒரு பெரிய நாயகி இருக்காங்க. முதல் நாள் ஆட்டத்துல இந்தப் பொண்ணு மோதி, அவங்களுக்குக் கணுக்கால் போயிடுது."

"வேணும்னே மோதினாளா?"

"இல்லீங்க, தற்செயலா."

"அப்ப வில்லன் யாரு?"

"வில்லன் கிடையாது. ரெண்டே நாள்ல எல்லாத்தையும் கத்துக்கிட்டு இவளே நாயகியா ஆடறா. கைதட்டறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்குப் போயிடலாங்க."

சம்பந்தி ரசத்தைப் பார்த்தார். "இதுக்கா அவ்வளவு பவுனு?" என்றார். அதோடு விட்டிருந்தாலும் மன்னித்திருப்பேன். இலையை மடிக்கும்போது, "கருத்து ஏதாவது சொல்றாங்களா?" என்றும் கேட்டார்.

கருத்து! நம் ஊரில் ஒரு கலையைக் கதையும் கருத்தும் ஜாமீன் கொடுத்தால்தான் வெளியே விடுவோம். இது பற்றி முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நாடகத்தின் திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

விளக்கு அணைகிறது. வாத்தியக்காரர்கள் ஒரு மூச்சு வாசித்து முடிக்கிறார்கள். பெரிய திரை எழும்புகிறது. எழும்பி, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே அப்படியே நின்றுவிடுகிறது. முகம் இல்லை, இடுப்பு இல்லை, பெயர் இல்லை. வெறும் கால்கள். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கால்கள். யார் கால் யாருடையது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். கொஞ்ச நேரத்துக்கு அவ்வளவுதான் காட்டுவார்கள். அதற்குள் அரங்கமே கத்த ஆரம்பித்துவிடுகிறது. யோசித்துப் பாருங்கள்: கதாநாயகி முகத்தைக் காட்டாமல், ஒரு வசனம் பேசாமல், கணுக்காலைக் காட்டியே கைதட்டு வாங்குகிறார்கள். நம் ஆட்களாக இருந்தால் "திரை சிக்கிக்கிச்சு" என்று விசில் அடித்திருப்போம்.

அந்த ஷூவில் மந்திரம் எதுவும் இல்லை. முன்பாதத்தில் ஒரு தகடு, குதிகாலில் ஒரு தகடு, திருகாணி போட்டு முடுக்கியது. திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒரு ஓசை, இறுக்கினால் வேறு ஓசை. ஒரே பாதத்தில் முன்னால் ஒரு நாதம், பின்னால் ஒரு நாதம். சினிமாவில் இந்தத் தட்டொலியைப் பெரும்பாலும் பிறகு தனியாகப் பதிவு செய்து ஒட்டுவார்கள். மேடையில் வியர்வை வழிய எதிரிலேயே ஆடுகிறார்கள். பிறகு ராட்சத நாணயங்களின் மேல் ஏறி ஆடுகிறார்கள். பிறகு படிக்கட்டு முழுக்க விளக்கு எரிய, அதில் இறங்கிக்கொண்டே ஆடுகிறார்கள். நான் எங்கள் வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முழங்காலிடம் அனுமதி கேட்டு இறங்குகிறவன்.

இந்த ஆட்டத்துக்குப் பின்னால் வரலாறு இல்லையா என்றால், இருக்கிறது. தென் கரோலினாவில் அடிமைகள் முரசு வைத்துக்கொள்வதை 1740இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். முரசைப் பிடுங்கினால் தாளம் காலுக்கு இறங்காதா? அந்தக் காலும், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் காலும் நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்டதில் பிறந்ததுதான் டாப். 1842இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அங்கே போய், ஒரு கறுப்பின இளைஞன் ஆடியதைப் பார்த்துவிட்டு வாயாரப் புகழ்ந்து எழுதினார். ஊருக்கெல்லாம் கதை சொன்ன மனுஷன் அவர். அவரே கதை கேட்கவில்லை.

கதைதான் வேண்டுமென்றால் மேடைக்கு வெளியே இருக்கிறது. நியூயார்க்கின் பிராட்வேயில் இந்த நாடகம் அரங்கேறிய 1980 ஆகஸ்ட் 25 அன்று காலையிலேயே இயக்குநர் கோவர் சாம்பியன் இறந்துபோனார். தயாரிப்பாளர் டேவிட் மெரிக் செய்தியை வெளியே விடவில்லை. ஆட்டம் முடிந்து, கைதட்டல் ஓய்ந்த பிறகு மேடைக்கு வந்துதான் சொன்னார். நடிகர்களுக்கே அப்போதுதான் தெரியும். அதன் பிறகு அங்கே 3,486 தடவை நடந்தது. இதைச் சம்பந்தியிடம் சொன்னேன். "இதையே நாடகமா போட்டிருக்கலாமே?" என்றார்.

நாம் ஒரு காலத்தில் இப்படி இல்லை. ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகத்துக்குக் கூட்டம் அலைமோதியது கதை தெரிந்துகொள்ளவா? ராவணன் கடைசியில் என்ன ஆவான் என்று கவலைப்பட்டா டிக்கெட் வாங்கினோம்? தந்திரக் காட்சிக்காகப் போனோம், வாயைப் பிளந்தோம், சந்தோஷமாகத் திரும்பினோம். இன்றைக்கு அதே ஆட்கள் சபாவில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிறார்கள். பாட்டுக்காவது அர்த்தம் உண்டு, மிருதங்கத்துக்கு என்ன கதை இருக்கிறது? போண்டாவுக்கு என்ன கதை இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அதனால் உபயோகமான ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டாப் டான்ஸ் நாடகத்துக்கு என்றைக்காவது போனால், பெருமைக்காக முன்வரிசை டிக்கெட் வாங்காதீர்கள். கழுத்து வலிக்கும், மேடை விளிம்பு காலை மறைக்கும். மாடியில் முதல் வரிசை வாங்குங்கள். விலையும் பெரும்பாலும் குறைவு, கால் எல்லாம் தெரியும். கதை அங்கிருந்தும் தெரியாது.