பதினைந்து நொடி ஆட்டம்: அண்ணாமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

டான்ஸ் சேலஞ்ச் என்பது செல்போன் ஈன்ற பிள்ளை என்று சொல்வாருளர். அது பிழை. சிவனின் அடிமுடி காணும் போட்டியே ஆதி சேலஞ்ச். நடந்த இடம் திருவண்ணாமலை. பன்றியாய்த் தோண்டிப் போன திருமால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டார். அன்னமாய்ப் பறந்த பிரம்மனோ, வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்துப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார். அவர் முடியைக் காணவில்லை என்பது அதற்குத் தெரியும். ஆனாலும் கண்டார் என்றது. இன்ஃப்ளூயன்சர் குலத்தின் மூதாதை அதுவே. சிவபூசைக்கு ஆகாது என்று அதைத் தள்ளிவைத்தார்கள். காசு வாங்கிப் புகழ்ந்தால் 'விளம்பரம்' என்று போட்டுவிட வேண்டும் என இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் விதி செய்தது 2021-இல்தான். பூவுக்கு அது ரொம்பத் தாமதம்.

டிக்டாக்குக்கு 2020 ஜூன் 29-இல் தடை வந்தது. பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து, அதே சனம் புதுவீட்டில் பால் காய்ச்சிவிட்டது. ஆட்டத்தின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. நன்னூலார் இதற்குச் சூத்திரம் செய்யாததால் நானே செய்தேன்: 'நின்றாடல், கையாடல், பிழையாடல் என ஆட்டம் மூன்றே.' உரை: நகர்ந்தால் ஃபிரேமைவிட்டுப் போய்விடுவோம், ஆகவே நின்றாடல். நெட்டுக்குத்தாய் நிற்கும் போனுக்குக் கைவேலையே போதும், ஆகவே கையாடல். தப்பாய் ஆடினாலும் பரவாயில்லை. பார்ப்பவருக்கு 'இவ்வளவுதானா, நானும் ஆடுவேனே' என்று தோன்றினால்தான் பரவும், ஆகவே பிழையாடல்.

கையாடலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'பீஸ்ட்' படத்தின் 'அரபிக் குத்து' பாட்டு 2022 பிப்ரவரி 14-இல் வந்தது. படம் ஏப்ரல் 13-இல். இடைப்பட்ட 58 நாளும் கூலி வாங்காமல் போஸ்டர் ஒட்டியது நாம்தான். நடிகை சமந்தா ஏர்போர்ட்டில் ஆடினார், நம் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில். ஒவ்வொரு ரீலின் அடியிலும் பாட்டின் பெயர் ஓடும். அதைத் தொட்டால் அதே பாட்டுக்கு ஆடியவர்கள் எல்லாரும் வரிசைகட்டி நிற்பார்கள். நாமும் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் எந்த லிங்கத்தருகிலும் கூட்டத்தில் சேர்ந்துகொள்வதில்லையா, அதுபோலத்தான்.

கள ஆய்வு: ஒரு பௌர்ணமி இரவு, கிரிவலப் பாதை. சுக்குக்காபிக் கடை ஓரம் தண்ணீர் கேனில் போனைச் சாய்த்துவைத்து மூன்று கல்லூரிப் பெண்கள் ஆடினார்கள். பத்து டேக் வீண். ஒவ்வொன்றிலும் யாரோ குறுக்கே நடந்தார்கள். பதினோராவதுக்காக மூவரும் குனிந்து போனைத் துழாவுகையில், வெறுங்காலோடு வந்த ஒரு பாட்டி நின்றார். "இன்னாம்மா தேடறீங்க, கொலுசு வுழுந்துடுச்சா?" என்று கேட்டு, அவரும் குனிந்து தரையைக் கையால் தடவினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, தடவல் தாளத்தில் அமைந்துவிட்டது. ஏறியது அந்த டேக்தான்.

ஆய்வுக்கு அடங்காத சான்று ஒன்று மிச்சம். தினமும் போடாவிட்டால் அல்காரிதம் மறந்துவிடும் என்பது மார்க்கெட்டிங் சாத்திரம். ஆனால் திருவண்ணாமலைக் கோயிலில் கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வருகிறார். ஓரிரு நிமிடம்தான், உள்ளே போய்விடுகிறார். மறுபடி பார்க்க ஒரு வருஷம் ஆகும். அதற்கு லட்சக்கணக்கில் கூட்டம். சோஷியல் மீடியா கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகனிடம் இதற்கு விளக்கம் கேட்டேன்.

"அவருக்கு மலை மேல லைட்டிங் இருக்கு மாமா," என்று சொல்லிவிட்டு அடுத்த ரீலைத் தள்ளினான்.