பழகுநர் இலக்கணம்: மூலனூர்ப் பாடம்

மூலனூரிலிருந்து வெளியூர் போகும் சரக்கு மூன்று. முதலாவது பருத்தி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் நடக்கும் நாளில் கரூர், திண்டுக்கல் பக்கத்து மூட்டைகளும் இங்கே வந்து இறங்கும், ஆர்.சி.எச். ரகம் ஒரு விலைக்கும், கொட்டு ரகம் அதற்கு வெகு கீழேயும் போகும். இரண்டாவது முருங்கைக்காய். மூன்றாவது, விடிந்தும் விடியாமலும் திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்படும் இளைஞர்கள். முதல் இரண்டைப் பற்றியும் வேளாண் துறையிடம் ஏடுகள் போதுமான அளவு உள்ளன. மூன்றாவது சரக்கின் தரம், தாங்குதிறன், சுருக்கம் பற்றி நூல் எதுவும் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்கவே இச்சிற்றாராய்ச்சி.

ஆய்வுக்குரிய வினா ஒன்றே. ஒரு கம்பெனியில் முதன்முதலாகக் கால் வைக்கும் பழகுநர் எந்தக் கணத்தில் அந்தக் கம்பெனியின் ஆள் ஆகிறார்? இதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. எச்.ஆர். துறையின் விடை: கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய கணத்தில். நாடாளுமன்றத்தின் விடை: ஒருபோதும் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், தன் 18ஆம் பிரிவில், பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர் என்று ஐயமற வரையறுத்துவிட்டது. ஆகவே மூலனூர்ப் பையன் ஒருவன் பொழுதெல்லாம் நின்றபடி பீஸ் எண்ணினால் அவன் செய்வது வேலை அன்று, கல்வி. கால் வலி மட்டும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிகழ்கிறது.

இரு விடைகளும் போதாமையால் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. புதிதாக உள்ளே வரும் ஒன்றை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்யத் திருப்பூரில் ஏற்கெனவே ஒரு முழுச் சாஸ்திரம் இருக்கிறது. அது துணிக்கு உரியது. அதையே ஆளுக்கும் பொருத்திப் பார்ப்பது நம் முறை. கம்பெனிகள் இதை ஆட்சேபிக்க நியாயமில்லை. துணியையும் ஆளையும் ஒரே எக்ஸல் ஷீட்டில் ஏற்றும் வழக்கம் அங்கே முன்பே உண்டு.

முதற் சோதனை எடை. துணி வந்ததும் வட்டக் கட்டரை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் நூறு சதுர சென்டிமீட்டர் வில்லை ஒன்று விழும். சின்னத் தராசில் அது 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம். ஆர்டரில் கேட்டதும் அதுவேயானால் உள்ளே போகலாம். ஆளுக்கு உரிய கட்டர் ஒரு கேள்வி.

"எந்த ஊருங்க தம்பி?"

"மூலனூருங்க."

"வஞ்சியம்மன் கோயில் பக்கமுங்களா?"

"இல்லீங்க, அதுக்கும் தெக்கால."

"தெக்கால யாரு தோட்டமுங்க?"

மூன்று கேள்வியில் ஊர், திசை, நிலம் மூன்றும் வந்துவிட்டன. கேட்காத நான்காவது, அதாவது சாதி, தானே தராசில் விழுந்துவிடும். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. எனவே கம்பெனி சாதி பார்ப்பதில்லை என்று வெளிநாட்டு ஆடிட்டரிடம் மனசாட்சி உறுத்தாமல் சொல்ல முடிகிறது. பொய்யும் அன்று. தோட்டத்தைத்தானே கேட்டார்கள். "தோட்டமெல்லாம் இல்லீங்க" என்று பையன் சொன்னால் தராசு ஒரு கணம் நிற்கும். பிறகு, "செரி, வேலயப் பாரு" என்று வரும். ஐந்து வரிக்கு முன் தாராளமாகப் புழங்கிய "ங்க" எங்கே போயிற்று என்று ஆராயப் புகுந்தால் இக்கட்டுரை தன் அளவை மீறிவிடும்.

ஒடிசாவிலிருந்து வருபவருக்கு இச்சோதனை இல்லை. 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் திட்டத்தில் சில மாதம் தையல் பழகி, ரயிலேறித் திருப்பூர் வந்து சேரும் இருபது வயதுப் பெண் தன் ஊர்ப் பெயரைச் சொன்னாலும், அதை நிறுத்துப் பார்க்க இங்கே தராசு கிடையாது. வீட்டில் ஒடியா பேசுகிற அவர் கேட்டைத் தாண்டியதும் "இந்திக்காரங்க" ஆகிவிடுகிறார். பயிற்சியின் முதல் நாளிலேயே ஒரு புதிய தாய்மொழி கிடைப்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத வசதி.

கடல் கடந்து வந்தவர்களின் நிலை வேறு. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூர் வந்தார். 1981இல் ஐரோப்பாவின் சி அண்டு ஏ வந்தது. யாரும் அவர்களிடம் தெற்கா வடக்கா என்று கேட்டதாகக் குறிப்பில்லை. "எத்தன பீஸுங்க?" என்பதே அவர்களுக்கு உரிய கட்டர். எண்ணிக்கை பெரிதாயின் ஊர் தேவையில்லை என்பது இதனாற் பெறப்படும்.

வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர் என்று பார்த்தால் சரத் சாரியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவராக 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் தங்கி ஆராய்ந்தார். 2004இல் 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' என்ற நூல் வந்தது. குடியானவர்களாக இருந்து பனியன் முதலாளிகளானவர்கள் தங்கள் உயர்வுக்குச் சொன்ன காரணம் உழைப்பு என்பதே அந்நூலின் மையச் சரடு. அந்தப் படிக்கட்டு உண்மையில் இருந்தது. டெய்லர் எதிரே நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடி, பிறகு டெய்லர், பிறகு கான்ட்ராக்ட், பிறகு கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள், கடைசியில் கம்பெனி. பெண்களுக்கும் நிலமில்லாத சாதியாருக்கும் நடுப்படிகள் எட்டாமலே இருந்தன என்பது வேறு. நம் ஆய்வுக்கு வேண்டியது இதன் பக்க விளைவு. முதலாளி தம்மையே அந்தக் கம்பெனியின் மூத்த இன்டர்ன் என்று கருதிக்கொண்டிருக்கிறார். ஸ்டைபண்ட் எவ்வளவு என்று, இன்டர்ன்ஷிப்புக்கு வந்த எம்.பி.ஏ. மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டால், "நானெல்லாங் கைமடியா இருந்தப்ப" என்று ஒரு வாக்கியம் தொடங்கும். அந்த வாக்கியம் முடியும்போது டீ டைம் தாண்டியிருக்கும். தொகை மட்டும் இன்னும் வந்திருக்காது.

இரண்டாம் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோலாகச் சுருட்டி வந்த நிட்டிங் துணியை உடனே கட்டிங் டேபிளில் ஏற்றக் கூடாது. பிரித்துப் போட்டு இருபத்துநான்கு மணி நேரமாவது ரிலாக்ஸ் ஆக விட வேண்டும். லைக்ரா கலந்தால் இன்னும் கூடுதல். இழுத்த இழுப்பெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். விடாவிட்டால் முதல் சலவையில் சட்டை தம்பிக்குத்தான் ஆகும். ஆளுக்கு இந்த இருபத்துநான்கு மணி நேரம் வழங்கப்படுவதில்லை. காலை எட்டரைக்கு வந்தவர் ஒன்பதுக்குச் செக்கிங் டேபிளில் நிற்கிறார். சுருக்கம் எவ்வளவு என்று யாரும் அளக்காததால் சுருக்கம் இல்லை என்று ஆகிறது.

எம்.பி.ஏ. மாணவருக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அவர் இரண்டாவது வாரம் ஒரு கேள்வித்தாளோடு லைனுக்குள் இறங்குவார். தொழிலாளர் மனநிறைவு என்பது ஆய்வுத் தலைப்பு. மிகத் திருப்தி முதல் மிக அதிருப்தி வரை ஐந்து கட்டங்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ஒரு கேள்வியைப் படித்து யோசிக்கும் நேரத்தில் சில பீஸ் போய்விடும். ஆகவே எல்லாரும் முதல் கட்டத்தில் டிக் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இவ்வாறாகத் திருப்பூர் உலகிலேயே மனநிறைவு மிக்க தொழில் நகரம் என்பது ஸ்பைரல் பைண்டிங் செய்த ஏடுகளால் ஆண்டுதோறும் நிறுவப்பட்டு வருகிறது.

இனி நிறம். சாயத் துணியை லைட் பாக்ஸில் வைத்துப் பகல் வெளிச்சமான டி65இலும், கடை வெளிச்சமான டி.எல்.84இலும் பார்ப்பார்கள். ஒன்றில் பொருந்தி மற்றொன்றில் விலகும் துணி உண்டு. இச்சோதனை ஆளுக்கு நடந்த காலம் 2023 மார்ச். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பிகார் அரசின் குழு ஒன்று தங்கள் மக்கள் நலமா என்று பார்க்க இங்கே வந்தது. போலீசார் இந்தியில் தைரியம் சொன்னார்கள். வந்த நாள் முதல் ஒருவரும் கேட்டிராத "சௌக்கியமா?" என்ற கேள்வியை அந்த வாரம் இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து கேட்டன. அது ஹோலி வாரமும்கூட. ஊருக்குப் போனவர்களில் பயந்து போனவர் யார், பண்டிகைக்குப் போனவர் யார் என்று பிரித்தறியக் கம்பெனிகளிடம் விளக்கு இல்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கியதால், திரும்பி வந்தவர்கள் எல்லாரும் எல்லா வெளிச்சத்திலும் பொருந்தினார்கள்.

இக்கட்டுரையின் உயிர்நிலை அடுத்த சோதனையில் இருக்கிறது. அதன் பெயர் ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க தர அளவு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் தளவாடம் வாங்குவதற்காக வளர்த்தெடுத்த மாதிரிச் சோதனை இது, இன்று ஐ.எஸ்.ஓ. 2859 என்ற பெயரில் உள்ளாடைக்கும் பயன்படுகிறது. 1201 முதல் 3200 பீஸ் வரை உள்ள லாட்டில் சரக்கை வாங்கும் பையரின் தரச் சோதகர், அதாவது க்யூ.சி., 125 பீஸை எடுத்துப் பார்ப்பார். 2.5 என்ற அளவுக்கு, ஏழு பெரிய குறை வரை லாட் பாஸ். எட்டாவது குறை கண்டால் ஃபெயில். இதன் தத்துவ ஆழம் போதுமான அளவு கவனிக்கப்படவில்லை. குறையே இல்லாத லாட் உலகில் இல்லை என்று ஒப்புக்கொண்டு, எத்தனை வரை பொறுக்கலாம் என்று அச்சிட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கட்டின மனைவியிடமும் பெற்ற பிள்ளையிடமும் எழுத்தில் பெற முடியாத சலுகை இது.

செக்கிங் டேபிளைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே ட்யூப்லைட், கீழே வெள்ளை மேசை. அக்காமார் வரிசையாக நின்று சட்டையைப் புரட்டுகிறார்கள். கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு, உட்புறம். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்ட தையலோ கண்ணில் பட்டால் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். கை நிற்பதே இல்லை. பக்கத்தில் நிற்கும் புதுப் பழகுநர் மூன்று சட்டையில் ஒன்றைத் தவறவிடுகிறார். அவர் பாஸ் என்று அடுக்கிய கட்டை அக்கா ஓரக்கண்ணால் பார்க்கிறார். நடுவிலிருந்து ஒன்றை உருவுகிறார், அம்புக்குறி ஒட்டுகிறார். "இத ஆல்ட்ரேஷனுக்குப் போடு கண்ணு, க்யூ.சி. வாராரு." குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. சூப்பர்வைசர் காதில் விழாத அளவுக்குச் சொன்னதுதான் விஷயம். பழகுநர் கம்பெனி ஆள் ஆகும் கணம் இதுவே என்பது நம் முடிபு. அவருடைய குறை இன்னொருவர் கணக்கில் மறைகிறது. அடையாள அட்டையில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தாலும் இது நிகழும்.

இவ்விதிக்குப் புறனடை உண்டு. துணியில் கிரிட்டிக்கல் குறை என்று ஒரு வகை. அதற்குப் பொறுக்கும் எண் பூஜ்யம். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பழகுநர் செய்யக்கூடிய கிரிட்டிக்கல் குறைகளில் நாம் கண்டது ஒன்று: ஓவர்டைம் ஏன் சம்பளச் சீட்டில் ஏறவில்லை என்று ஆடிட்டர் இருக்கும்போது கேட்பது. இதற்கு ஆல்ட்ரேஷன் கிடையாது.

மில் பக்கம் இன்னொரு பாடம் வழங்கியது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கல்யாணமாகாத பெண்களை அப்ரண்டிஸ் என்று எடுத்து, ஹாஸ்டலில் வைத்து, மூன்று ஆண்டு முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு அது. நெதர்லாந்து அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கையால் உலகறிந்தது. உடம்புக்கு முடியாமல் இடையில் வீடு திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கைக்கு வராமல் போன கதைகள் ஏராளம். ஏழு குறை வேண்டாம். ஒரு காய்ச்சலுக்குக்கூட அங்கே இடமில்லை. அதே மில்லின் நூலுக்கு ஏற்றத்தாழ்வு இத்தனை சதவீதம் வரை சரி என்று பையரோடு ஒப்பந்தம் இருந்திருக்கும்.

மறுதலையையும் பார்ப்பது ஆய்வு மரபு. மூலனூர் மாணவர் ஒருவர் மேற்படிப்புக்கு மான்செஸ்டர் போவதாக வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் ஆகையால் அவருக்கு இது உள்ளூர் மாறுதல் மாதிரி. மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். இதைக் கேட்டால் மூலனூரில் சிரிப்பார்கள். ஒரு துணிக்கடை நிறுவனத்தின் கொள்முதல் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப். அங்கே யாரும் தெற்கா, யார் தோட்டம் என்று கேட்பதில்லை. அதில் ஒரு சுகம் உண்டு. யாருமே எதையுமே கேட்பதில்லை என்று தெரிந்ததும் அந்தச் சுகம் தீர்ந்துவிடும். பிறகு ஒரு நாள் திருப்பூரிலிருந்து மெயில் வருகிறது: ஷிப்மென்ட் நான்கு நாள் தாமதம், காரணம் உள்ளூர்த் திருவிழா. அலுவலகமே விழிக்கிறது. நம்மவர் மட்டும் காலண்டரைப் பார்த்து, அது மாரியம்மன் நோம்பி, நான்கு நாளில் ஆள் திரும்பாது, எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். சரக்கு எட்டாம் நாள் கப்பலேறுகிறது. அன்று முதல் அவர் அங்கே வேண்டப்பட்ட ஆள். அடுத்த சீசனில், "தாமதத்தை ஏற்பதற்கில்லை" என்ற மெயிலை அவரே டைப் செய்கிறார். போய்ச் சேருவது அவருடைய மாமன் மகன் மெர்ச்சண்டைசராக இருக்கும் கம்பெனிக்கு. சொந்தமாகிவிட்டதற்கு இதைவிட உறுதியான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

தொகுத்த தரவுகளைக் கொண்டு ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும், மில்களுக்கும், மேன்மை தங்கிய எச்.ஆர். துறைகளுக்கும் ஒரே ஒரு விண்ணப்பம். பழகுநர் கையேட்டின் முதல் பக்கத்தில் பொறுக்கும் குறை எத்தனை என்று ஒரு எண்ணை அச்சிடுங்கள். புதிதாக ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை, க்யூ.சி. மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 125க்கு நேரே பார்த்து எழுதிக்கொள்ளலாம். மூலனூர்க்காரருக்கும் ஒடிசாக்காரருக்கும் அதே எண்.